நேற்றைய விடை

அந்த உயிரணு செத்து ஒரு நாள் ஆகிறது என்று மும்தாஜ் சொல்லிவிட்டுப் போன பிறகும் திரையில் அது உயிரோடுதான் இருந்தது. உருண்டையாக, கொழுகொழுவென்று, நடுவில் கரு திருத்தமாகத் தெரிய, நேற்று எப்படி இருந்ததோ அப்படியே. உலகம்மை நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள், முன்னால் இழுத்துப் பார்த்தாள். செத்த மாதிரி இல்லை. ஆனால் மும்தாஜ் தப்பாகச் சொல்ல மாட்டாள். மாடியில் உயிரணுக்களை வளர்த்துத் தட்டில் போட்டுக் கீழே கொண்டுவந்து தருவது அவள்தான், யாருக்காகவும் எதையும் பூசி மெழுகத் தெரியாதவள், அதனாலேயே மாடியில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது. கறுப்புத் திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த அறைக்குள் விடவே கூடாத வெளிச்சத்தை விட்டுக்கொண்டு, "மேடம், நேத்து இன்குபேட்டர் நின்னுபோச்சு. காலைல உங்களுக்குக் குடுத்த தட்டுல எல்லா செல்லுமே சுருங்கிச் செத்துக் கெடக்குது. இப்பதான் மைக்ராஸ்கோப்புல பாத்தேன். நீங்க படம் எடுத்துட்டீங்களா?" என்றாள். எடுத்துட்டேனே, நல்லா வந்திருக்கே என்று இவள் சொல்ல, "எப்படி மேடம் நல்லா வரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டாள். போனவள் கேள்வியையும் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எப்படி நல்லா வரும். எப்படி வந்தது என்று உலகம்மைக்குத் தெரிந்துவிட்டது.

அவள் வேலையில் கேமராவுக்கு முன்னால் கண்ணாடி வில்லை எதுவும் கிடையாது. லேசர் ஒளி தட்டின் வழியாகப் போய்ச் சிதறி, அந்தச் சிதறல் மட்டும் கேமராவில் விழும். புள்ளிகளும் வளையங்களுமாக ஒரு கிறுக்கல். அதிலிருந்து கணக்குப் போட்டுப் படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். இதில் என்ன கஷ்டம் என்று கல்யாணமான புதிதில் சங்கரலிங்கம் கேட்டதற்கு, பார்க்கில் ஆடுகிற ஊஞ்சலைக் காட்டித்தான் அவள் சொன்னாள். ஊஞ்சல் எவ்வளவு உயரம் ஆடுகிறது என்பது ஒன்று. இந்த நொடியில் அது முன்னால் போகிறதா பின்னால் வருகிறதா என்பது இன்னொன்று. ஒளிக்கும் இரண்டும் உண்டு. கேமரா முதலாவதைத்தான் அளக்கும், இரண்டாவதைத் தொலைத்துவிடும். அந்த இரண்டாவதற்குக் கட்டம் என்று பெயர், படத்தின் உருவமே பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. "அப்ப ஒங்க கேமரா, ஆடுதுன்னு மட்டும் சொல்லும், போகுதா வருதான்னு சொல்லாது, அப்படித்தான?" என்றார் அவர். அப்படித்தான். தொலைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முதலில் ஒரு ஊகம் வேண்டும். ஊகத்தை வைத்துக் கணக்குப் போட்டுக் கேமரா வரைக்கும் போய், அளந்தது எவ்வளவோ அவ்வளவுக்குத் திருத்தி, திரும்பத் தட்டுக்கு வந்து, உயிரணு இருக்கக்கூடிய எல்லைக்கு வெளியே விழுந்ததையெல்லாம் பூஜ்யமாக்கி, மறுபடி போய், மறுபடி வந்து, படம் தெளிகிற வரைக்கும் இப்படியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஊகம் எதுவாகவும் இருக்கலாம். சும்மா கலைத்துப் போட்ட எண்களாகக்கூட இருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு மதியம் முழுக்கப் பிடிக்கும். உலகம்மை கண்டுபிடித்த குறுக்குவழி, நேற்றைய விடையையே இன்றைய ஊகமாகக் கொடுப்பது. தட்டு அதே தட்டு, உயிரணு அதே உயிரணு, ஒரே நாளில் என்ன பெரிதாக மாறிவிடப்போகிறது. டீ குடித்துவிட்டு வருவதற்குள் விடை வந்துவிடும். கூட்டத்தில் எல்லோரும் மெச்சினார்கள். மாதக்கணக்காக அப்படித்தான் ஓடுகிறது. இன்று காலையும் நேற்றைய கொழுத்த உயிரணுவைக் கொடுத்தாள், சில சுற்று ஓடியது, பிழை குறைவாக இருந்தது, போதும் என்று நிறுத்தினாள். அது அவள் கொடுத்ததை அவளுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறது. அவளும் நல்லா வந்திருக்கே என்று சொல்லியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. நல்லவேளை யாருக்கும் அனுப்பவில்லை. நேற்றைய விடையைத் தூக்கி எறிந்துவிட்டு, கலைந்த எண்களை ஊகமாக வைத்து, ஓடவிட்டாள். திரையில் மணல் கொட்டினாற்போல் வெறும் இரைச்சல். இனிக் காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருப்பதென்றால் யோசிப்பது, யோசிப்பதென்றால் மதியம் வந்த போன். அதற்குத்தான் அவள் பயந்தது. பொங்கல் நெருங்கிவிட்டதால் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பியாயிற்று, கீழ்த்தளத்தில் அவளும் ஏசியும் மட்டும். ஏசிக்கு வாயிருந்தால் அதுவும் லீவு கேட்டிருக்கும். இந்த அறையில் போன் எடுக்காது. படிக்கட்டுக்கு அடியில், தீயணைப்புச் சிலிண்டர் மாட்டியிருக்கும் இடத்தில் சுவரோடு ஒட்டி நின்றால் எடுக்கும். தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் அங்கே போய் நிற்பாள், அவர் கூப்பிடுவார். சாப்ட்டீங்களா. சாப்ட்டேன், நீ? சாப்ட்டாச்சு. வேல? அது ஓடுது. சரி, வைக்கேன். வைங்க. இவ்வளவுதான், வருஷக்கணக்கில் இவ்வளவுதான், ஆனாலும் அந்தப் போன் வராவிட்டால் சாப்பிட்டது சாப்பிட்டதாகவே இருக்காது. இன்று அதில் ஒரு வாக்கியம் கூடிவிட்டது. "இந்தத் தடவ பொங்கலுக்கு வரல உலகு, நீ பாத்துக்கிடு." அவள் உடனே, ஒரு மூச்சுகூட விடாமல், சரிங்க என்று சொல்லிவிட்டாள். சரிங்க. ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னாள். கொஞ்சம் விட்டுப் பிடித்திருக்கலாம். ஏன் வரல என்றாவது கேட்டிருக்கலாம். காற்றாடி நின்றிருக்கும், ஆள் இருந்திருக்காது, லீவு கொடுத்திருக்க மாட்டார்கள் என்று அவளே எல்லாக் காரணத்தையும் அவருக்காகத் தயார் செய்து வைத்துக்கொண்டு சரி சொல்லிவிட்டாள். சங்கரலிங்கம் காற்றாலை மெக்கானிக்கல் இன்ஜினியர். முதலில் முப்பந்தல் பக்கம் இருந்தார், பிறகு கம்பெனி குஜராத்தில் கட்ச்சுக்கு அனுப்பிவிட்டது. ஒரே ஒரு தடவை அங்கே போயிருக்கிறாள். நீலக் கதவு வைத்த அறை. குழாயில் உப்புப் படிந்திருக்கும். வெளியே கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததின் நடுவே வரிசையாகக் காற்றாடிகள். மெஸ்ஸில் குழி வைத்த எவர்சில்வர் தட்டில் ரொட்டியும் கிழங்கும் விழும், மூன்றாம் நாளே அவள் சோற்றுக்கு ஏங்கிப்போனாள், அவர் பார்த்துச் சிரித்தார். போன் வரும்போதெல்லாம் அந்த நீலக் கதவும் அந்தத் தட்டும்தான் கண்ணுக்குள் வரும். தட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஒரு கையில் போனோடு சங்கரலிங்கம்.

திரையில் ஏதோ திரள ஆரம்பித்திருந்தது. இன்னும் உருவம் இல்லை, மூட்டம் மாதிரி ஒன்று. உலகம்மை அதைப் பார்த்துக்கொண்டே அந்த வாக்கியத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள். வரல. வர முடியல இல்லை, வரல. வரமாட்டேன் இல்லை, வரல. போன பொங்கலுக்கு வந்தார், கரும்பை அவரே சீவித் தந்தார், அப்போதே ஏதாவது இருந்ததா? சித்திரையில் வந்தபோது இருந்ததா? பால்கனியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார், என்ன பாக்கீங்க என்றதற்கு ஒண்ணுமில்ல என்றார், ஒண்ணுமில்ல என்றால் ஒன்றுமில்லை என்று அவளும் உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்துவிட்டாள். வீட்டு வாசலில் அவருடைய தோல் செருப்பு ஒரு ஜோடி கிடக்கிறது. தனியாக இருக்கிற பொம்பளை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று அவள்தான் போட்டு வைத்திருக்கிறாள். வாரம் ஒருமுறை தூசி தட்டி இடத்தை மாற்றி வைப்பாள், ஒன்று நேராக, ஒன்று கொஞ்சம் கோணலாக, இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு உள்ளே போன மாதிரி. யாரை ஏமாற்ற? எதிர்வீட்டு அம்மாள், சார் வந்துருக்காரா என்று ஒருநாள் கேட்டாள். ஆமா என்று வாய் சொல்லிவிட்டது. அன்றைக்கு முழுக்க டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஆம்பிளைக் குரல் கேட்கட்டும் என்று. நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பா வருகிறது. வேறு யாராவது இருப்பார்களோ. சொல்லிவிட்டாள், மனசுக்குள்தான் என்றாலும் சொல்லிவிட்டாள். அந்த வயசில் வராது என்றெல்லாம் இல்லை. மெஸ்ஸில் சமைக்கிற பெண், ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெண். முகமில்லாத ஒரு பெண்ணுக்குப் புடவைகூடக் கட்டிவிட்டாள், மஞ்சளில் பச்சைக் கரை. போதும். ஊகத்துக்கு ஒரு அளவு உண்டு.

மூட்டம் விலகி உருவம் வந்தது. வந்தது ஒன்றில்லை, இரண்டு. ஒன்றின் மேல் ஒன்று, ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, இரண்டும் பாதிப்பாதி. மேற்கொண்டு நகரவில்லை, எத்தனை சுற்று சுற்றினாலும் அங்கேயே நின்றது. இது பழைய தொல்லைதான். ஒரு படமும் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட படமும் கேமராவில் ஒரே கிறுக்கலைத்தான் விழ வைக்கும். கணக்குக்கு எது அசல் என்று தெரியாது, இரண்டையும் விட மனசில்லாமல் கட்டிக்கொண்டு நிற்கும். உலகம்மை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரல. வரப் பிடிக்கவில்லை, அதனால் வரல என்று சொல்லியிருக்கலாம். ஏன் வரல, வாங்க என்று அவள் கூப்பிட வேண்டுமென்று ஏங்கி வரல என்று சொல்லியிருக்கலாம். நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று, வாயிலிருந்து விழுகிற சொல் ஒன்றேதான். அவள் சொன்ன சரிங்கவும் அப்படித்தானே. நீங்கள் வராவிட்டால் நான் செத்துப்போக மாட்டேன் என்றும் அது அங்கே போய் விழுந்திருக்கலாம். நான் என்ன கேட்டு என்ன ஆகப்போகிறது என்று உள்ளுக்குள் நினைத்ததை அவர் எப்படி அளப்பார்? அவருக்கு எட்டியது சரிங்க மட்டும்தான். பதினெட்டு வருஷம் ஒருத்தரோடு வாழ்ந்து, அதில் பாதிக்கு மேல் போனிலேயே வாழ்ந்து, கடைசியில் போகுதா வருதா தெரியாத ஊஞ்சல். அவளுக்கு அழுகை வந்தது. அழக் கூடாதென்று இல்லை, அழுவதற்கு ஆள் இருந்தால் நன்றாக இருக்கும், ஏசியைப் பார்த்து என்னத்தை அழ.

இரட்டையைப் பிரிக்க ஒரு வழி உண்டு. எல்லையில் ஒரு பாதியை மூடிவிட வேண்டும். அந்தப் பாதியில் எது விழுந்தாலும் இல்லையென்று ஆக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓடவிட்டால், நேரா தலைகீழா, ஏதோ ஒன்று பலவீனமாகிவிடும், மற்றது தேறிவிடும். பிறகு மூடியைத் திறந்துவிடலாம். உலகம்மை இடது பாதியை மூடிவிட்டு ஓடவிட்டாள். விட்ட கையோடு, வேடிக்கையாகத்தான், அந்தப் போனுக்கும் அதையே செய்து பார்ப்போமே என்று தோன்றியது. என்னத்தை மூட? கட்ச்சை மூடு. நீலக் கதவை மூடு. குழாய் உப்பு, மெஸ், காற்றாடி, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்ததையெல்லாம் மூடு. நேற்றைய சங்கரலிங்கத்தைத் தூக்கி எறி. மதியம் காதில் விழுந்தது மட்டும் மிச்சம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உலகு என்றார். பின்னால் பாத்திரச் சத்தம். நாற்காலி இழுபடுகிற சத்தம், நிறைய நாற்காலி. ஒரு பஸ்ஸின் ஹாரன், நீட்டி, இழுத்து. சாப்ட்டியா என்றார். சாப்ட்டாச்சு என்றாள். பொங்கலுக்கு வரல உலகு. அதற்கும் நீ பாத்துக்கிடுவுக்கும் நடுவில் இன்னொரு குரல் இருந்தது. ஆமாம் இருந்தது, யாரோ ஒருத்தன், பக்கத்தில் நின்று, பணிவாக. "அண்ணாச்சி, எல எடுத்துரட்டா?" உலகம்மை கண்ணைத் திறந்தாள். எல எடுத்துரட்டா. இலை. கட்ச்சில் ஏது இலை? அங்கே யார் அவரை அண்ணாச்சி என்பார்கள்? அந்தக் குரல் நன்றாகக் கேட்டிருக்கிறது, காது வாங்கியிருக்கிறது, குழி வைத்த எவர்சில்வர் தட்டோடு ஒத்துவராததால் இவள்தான் அதைத் தூக்கிப் போட்டிருக்கிறாள். எல்லைக்கு வெளியே விழுந்தது, பூஜ்யம். ஒன்று வந்ததும் அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தன. ஆடியில் ஒருநாள் போனில் காற்று அப்படி இரைந்தது, அங்க காத்து பலமா இருக்கு போல என்றாள், காத்துதான், ஆடி மாசம்லா என்றார். கட்ச்சுக்காரன் எவன் ஆடியைக் கணக்கில் வைத்துக் காற்றைப் பேசுவான்? செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற ஆடிக்காற்று அவளுக்குத் தெரியாதா, தென்காசியில் பிறந்தவள்தானே, அந்தக் காற்றில் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள்தானே. மாசாமாசம் கோயில் மணி கேட்டிருக்கிறது. டீ மாஸ்டர் ஆற்றுகிற சத்தம் கேட்டிருக்கிறது. அதற்கப்புறம் போனில் அவர் ஒரு நாளும் கட்ச்சு என்று சொன்னதில்லை. பொய்யே சொல்லவில்லை மனுஷன். சொன்னதெல்லாம் அளந்தது அளந்தபடி சரி. படம்தான் இவளுடையது.

திரையில் ஒன்றுதான் இருந்தது இப்போது. சுருங்கி, ஓரமெல்லாம் கிழிந்து, கரு இருந்த இடத்தில் ஒரு கசங்கல். மும்தாஜ் சொன்னது சரி. பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் அது உண்மையில் அங்கே இருப்பது, அதனால் அவள் அதைக் கொஞ்ச நேரம் மரியாதையாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் போய், சிலிண்டருக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். இந்த நேரத்தில் அவள் கூப்பிட்டதே இல்லை, அவளாகக் கூப்பிட்டதே அபூர்வம். பயமாக இருந்தது, மஞ்சளில் பச்சைக் கரை எங்கேயாவது நிற்கப்போகிறது என்று பயம். நிற்கட்டும். ஊகம் எதுவும் வேண்டாம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "என்ன உலகு, ஒடம்புக்கு முடியலயா?" குரல் பதறியது. சாப்ட்டீங்களா என்பது தானாக நாக்கின் நுனிக்கு வந்தது, விழுங்கினாள். "எங்க இருக்கீங்க?" அந்தப் பக்கம் ஒரு ஆட்டோ போனது. ஏன் கேக்க என்றார். "தெரியணும், அதான். எங்க இருக்கீங்க?" அவர் சொல்வதற்குள் தானாக எதையும் ஊகித்துவிடாமல் இருக்க அவள் சிலிண்டரில் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "தென்காசில," என்றார் கடைசியில். எப்பத்துல இருந்து என்றாள். "ஆடில இருந்து. அங்க ஆளக் கொறச்சாங்க, என்னையும் சேத்து. இங்க மோட்டார் ரிப்பேர் கட ஒண்ணுல நிக்கேன். நம்ம கூடப் படிச்சவன் கட." "நேரா இங்க வந்துருக்கலாம்லா?" "அங்க வந்து? நீ காலைல கெளம்பிருவ, நான் ஒத்தைல அந்த வீட்ல ஒக்காந்து செவுத்தப் பாக்கணும். பொங்கலுக்கு வந்தா மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்லா, அதான் வரலன்னேன்." அவருக்கும் தனிமை என்று ஒன்று இருந்திருக்கிறது, அவளுடையதைப் போலவே ஒன்று, இவ்வளவு நாளும் இரண்டும் தனித்தனியாக. "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள், குரல் உடைந்தது, உடையட்டும் என்று விட்டாள், அதுவாவது அங்கே போய்ச் சேரட்டும். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலாம். "கேட்டா சொல்லிரணும்னுதான் தெனமும் போன் அடிச்சேன் உலகு. சாப்ட்டீங்களான்னு கேட்ப, சாப்ட்டேன்னு சொல்லுவேன். எங்க இருக்கீங்கன்னு இன்னைக்குத்தான் கேக்க."

உலகம்மை படியின் அடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தால் போன் விட்டுவிட்டு எடுக்கும் என்று நினைவு வந்து மறுபடி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அழுதாள், சத்தம் வராமல் அழ முயலவில்லை. ஏய், அழாத என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க தங்கியிருக்கீங்க, சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள். அவர் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு சந்து, அதில் மாடியில் ஒரு அறை, கீழே பாத்திரக் கடை. ஏறிப்போகிற படி இரும்புப் படி, மழை பெய்தால் வழுக்கும். ஒரு ஜன்னல், அதில் மலை கொஞ்சம் தெரியும், எதிரே ஒருத்தன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான், முடித்துவிட்டால் அதுவும் தெரியாது. அவள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, அவர் சொன்னது வரைக்கும் மட்டும் ஏறி, சொல்லாத இடத்தில் நின்று, நின்று கேட்டாள். அவர் நிறுத்தியதும், கதவு என்ன நிறம் என்று கேட்டாள்.